கூடாரக் குத்தகையும் ஒரு திவானும்

1809 ஜனவரியில் சென்னை கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோவுக்கு இரண்டு பக்கத்திலிருந்து தலைவலி வந்தது. ஒன்று தெற்கிலிருந்து. கொல்லத்துக்குப் பக்கத்தில் குண்டறையில் 11-ம் தேதி திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக ஆயுதம் எடுக்கும்படி ஊர்மக்களை அழைத்து விளம்பரம் வெளியிட்டார். இன்னொன்று கோட்டைக்கு உள்ளேயே. அதே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் மதராஸ் பட்டாளத்தின் தலைமைத் தளபதி ஹே மக்டோவால், தன் கீழிருந்த குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலையே கைது செய்து வைத்தார். குற்றச்சாட்டு, அவர் எழுதிய ஒரு அறிக்கை. அறிக்கையின் பொருள், கூடாரம்.

கைதானவர் ஜான் மன்றோ. வயது முப்பது. அடுத்த ஆண்டே அவர் திருவிதாங்கூருக்குக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக வந்தார். அதற்கடுத்த ஆண்டு அங்கே திவானும் ஆனார். திருவனந்தபுரத்தில் இன்று தேவஸ்வம், தாசில்தார், ஜில்லா கோர்ட் என்று பேச்சுவாக்கில் வரும் பலவற்றின் ஆரம்பம் அவருடைய மூன்று நான்கு ஆண்டுகளில் இருக்கிறது. அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்த்தது பட்டாள வாழ்க்கை. அதிலும் குறிப்பாக அந்தக் கூடார அறிக்கை.

தமிழ்நாட்டு வாசகர் மன்றோ என்றதும் சென்னை அண்ணா சாலையில் குதிரைமேல் இருப்பவரை நினைப்பார். அவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி, கடப்பை, கவர்னர் பதவி எல்லாம் அவர் கணக்கு. 1780-ல் ஹைதர் அலியிடம் அடிபட்டு, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்த தளபதி ஹெக்டர் மன்றோ வேறு. மூவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், மூவரும் பட்டாளத்தில் தொடங்கியவர்கள். சரித்திரப் புத்தகங்களின் பொருளடைவில் இவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். நம் ஆள் ராஸ்ஷயர் பகுதியில் ட்டீனினிச் என்ற பண்ணையில் 1778-ல் பிறந்தவர். தகப்பனார் கடற்படையில் கேப்டன்.

பதின்ம வயதிலேயே மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கம்பெனிப் பட்டாளத்தில் அதிகாரியாவதற்குப் பரீட்சை கிடையாது. லண்டனில் கம்பெனி டைரக்டர் ஒருவரைத் தெரிந்திருந்தால் போதும்; அவர் பெயரைக் குறித்துக் கொடுத்தால் பையன் கேடட் ஆகிவிடுவான். பயிற்சிக்கென்று அடிஸ்கோம்பில் கம்பெனி பள்ளி திறந்ததே 1809-ல்தான். அதற்கு முன்னால் வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கி, நேரே பட்டாளத்துக்குப் போய், வேலை செய்துகொண்டே வேலை கற்றார்கள். மன்றோ 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தார். பிறகு தன் படைப்பிரிவில் அட்ஜுடண்ட் ஆனார். அங்கிருந்து அவரை மேலே தூக்கியது துப்பாக்கியல்ல, மொழி. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், அரபி, பாரசீகம், போதாததற்கு இந்திய மொழிகள் சில. அடுத்தடுத்து வந்த தலைமைத் தளபதிகளுக்குச் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். தளபதியின் கடிதத்தை எழுதுகிறவனுக்குத் தளபதியின் எண்ணமும் தெரியும், எதிரிகளும் தெரிவார்கள். முப்பது முடிவதற்குள் அவர் மதராஸ் பட்டாளத்தின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல்.

இந்தப் பதவி என்ன என்பது புரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். ஆங்கிலேயருக்கு இந்தியாவில் அப்போது ஒரே பட்டாளம் இல்லை. வங்காளம், பம்பாய், மதராஸ் என்று மூன்று. மூன்றுக்கும் தனித்தனித் தளபதி, தனித்தனிச் சட்டதிட்டம், தனித்தனிச் சம்பளப் பட்டியல். மூன்றும் ஒன்றாக்கப்பட்டது 1895-ல். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சாதி: இங்கிலாந்து அரசரின் ரெஜிமெண்டுகள், கம்பெனியின் ரெஜிமெண்டுகள். அரசர் பட்டாளத்தில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த வியாபாரம் 1871 வரை நடந்தது. கம்பெனிப் பட்டாளத்தில் அது கிடையாது. முன்னால் வந்தவன் முன்னால் ஏறுவான், அவ்வளவுதான். மேலே இருப்பவர் சாகவேண்டும் அல்லது ஓய்வுபெற வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். இருபது வருஷம் கேப்டனாகவே தலை நரைத்தவர்கள் ஏராளம். பெரிய பதவிகள் என்று வந்தால் அரசர் பட்டாளத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்ற எரிச்சலும் அவர்களுக்கு இருந்தது.

சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று இந்தியருக்கு ஒரு தனி ஏணி. அந்த ஏணியின் உச்சியில் நின்ற சுபேதார், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்குச் சல்யூட் அடிக்கவேண்டும். இந்த ஏணியைப் பற்றி அன்றைய சண்டையில் யாரும் பேசவில்லை. பேசியதெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளின் மேல்வரும்படி.

மேல்வரும்படி என்பது ரகசியமும் அல்ல, வெட்கப்படும் விஷயமும் அல்ல. சம்பளத்துக்கு மேல் படி உண்டு. ஊரில் இருந்தால் ஒரு விகிதம், களத்துக்குப் போனால் கூடுதல் விகிதம். முகாமின் கடைத்தெருவில் சாராயத்துக்கும் சரக்குக்கும் தீர்வை வசூலித்து, அதில் ஒரு பங்கைக் கமாண்டிங் ஆபீசர் எடுத்துக்கொள்வார். லண்டனில் இருந்த டைரக்டர்கள் இந்தக் கடைத்தெருப் பணத்தில் முதலில் கைவைத்தார்கள். அதிகாரிகளுக்கு வயிறு எரிந்தது. அடுத்தது கூடாரம்.

இந்தக் கூடாரக் குத்தகையின் ஏற்பாடு எளிமையானது. சிப்பாய்ப் படைப்பிரிவு ஒவ்வொன்றின் கமாண்டிங் ஆபீசருக்கும் மாதாமாதம் ஒரு நிலையான தொகை வரும். அதைக்கொண்டு அவர் தன் ஆட்களுக்கு வேண்டிய கூடாரங்களை வைத்திருக்கவேண்டும். அவற்றைச் சுமக்கக் காளைகளை வைத்திருக்கவேண்டும். காளைக்குத் தீனி, ஆளுக்குக் கூலி எல்லாம் அதிலேயே. பட்டாளம் நடக்க உத்தரவு வந்ததும் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும். சண்டை நடந்தாலும் தொகை அதே, ஊரில் சும்மா இருந்தாலும் தொகை அதே. சர்க்காருக்கும் வசதிதான். காளைக்குக் கொள்ளு வாங்கிய கணக்கையெல்லாம் கோட்டையில் உட்கார்ந்து பார்க்கவேண்டியதில்லை.

குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலின் வேலை பட்டாளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது. எந்த வழி, எங்கே ஆறு கடப்பது, எங்கே தண்ணீர், எங்கே முகாம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆகவே கூடாரமும் காளையும் காகிதத்தில் இருப்பதற்கும் கொட்டடியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத்தான் முதலில் தெரியும். 1807-ல் அப்போதைய தளபதி சர் ஜான் கிரடாக் கேட்டதன்பேரில் மன்றோ அறிக்கை எழுதினார். அதன் சாரம் இது: அமைதிக் காலத்திலும் யுத்தக் காலத்திலும் ஒரே தொகை கொடுத்தால், கூடாரத்தையும் காளையையும் குறைவாக வைத்திருப்பவருக்கே லாபம் அதிகம். பட்டாளம் களத்துக்குப் போகாமல் இருக்கும்வரை அவருக்கு நல்லது. கடமை ஒரு பக்கம் இழுக்கிறது, பணப்பை இன்னொரு பக்கம் இழுக்கிறது. குத்தகையை எடுத்துவிட்டு, சர்க்காரே கூடாரமும் சுமைமாடும் கொடுக்கவேண்டும்.

எந்த அதிகாரியின் பெயரையும் அவர் சொல்லவில்லை. யாரும் திருடினார் என்றும் சொல்லவில்லை. ஏற்பாடு மனிதனை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைத்தான் சொன்னார். இன்றைக்கு ஒரு தணிக்கை அதிகாரி எழுதினால் பாராட்டுக் கிடைக்கும். அன்றைக்கு, ரகசியமாக எழுதிய அந்த அறிக்கை வெளியே கசிந்ததும், குத்தகைப் பணம் வாங்கிய கமாண்டிங் ஆபீசர்கள் கொதித்துப்போனார்கள். ‘நம்மைத் திருடன் என்கிறான், அதுவும் இவன், இத்தனை சின்ன வயதில்!’ என்பதுதான் அவர்கள் மனுவின் உள்பொருள். 1808-ல் குத்தகை ரத்தானது. அதிகாரிகள் மன்றோவைக் கோர்ட் மார்ஷல் விசாரணைக்கு நிறுத்தச் சொல்லித் தளபதியிடம் போனார்கள்.

மக்டோவாலுக்கும் அப்போது ஒரு மனக்குறை. அவருக்கு முன்னிருந்த தளபதிகளுக்குக் கவர்னர் சபையில் இடம் இருந்தது. டைரக்டர்கள் அவருக்குத் தரவில்லை. கப்பலேறி ஊருக்குப் போக இருந்த நேரத்தில், சில நாள் முன்பு, மன்றோவைக் கைது செய்தார். மன்றோ கவர்னருக்கு மனு போட்டார். மேலதிகாரி கேட்டு எழுதிய, மேலதிகாரி ஏற்றுக்கொண்ட அறிக்கைக்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது பார்லோவின் நிலை. விடுதலை செய்ய உத்தரவிட்டார். மக்டோவால் விடுவித்தார், ஆனால் போகிறபோக்கில் பட்டாளம் முழுவதற்கும் வாசிக்கும்படி மன்றோவைக் கண்டித்து ஓர் உத்தரவை விட்டுவிட்டுக் கப்பலேறினார். பார்லோ அந்த உத்தரவைச் செல்லாது என்று அறிவித்து, மக்டோவாலைப் பதவிநீக்கம் செய்து, அந்த உத்தரவில் கையெழுத்திட்ட துணை அதிகாரி மேஜர் போல்ஸையும் சஸ்பெண்ட் செய்தார். மக்டோவால் ஊர் போய்ச் சேரவில்லை. அவர் ஏறிய ‘லேடி ஜேன் டண்டாஸ்’ மார்ச் மாதப் புயலில் மூழ்கிவிட்டது.

அதற்குள் வேலுத்தம்பியின் சண்டை முடிந்திருந்தது.

திருவிதாங்கூர்க்காரர்களுக்கு இந்தச் சண்டையின் கதை மனப்பாடம். 1805 ஒப்பந்தப்படி, கம்பெனி திருவிதாங்கூரைப் பாதுகாக்கும். அதற்கான பட்டாளச் செலவாக ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் தரவேண்டும். பணம் நிலுவையில் நின்றது. ரெசிடெண்ட் காலின் மெக்காலே நெருக்கினார். மெக்காலேயும் பட்டாளக்காரர்தான். ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் கிடந்தவர். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியவர். ஒருகாலத்தில் வேலுத்தம்பிக்கு ஆதரவாக இருந்தவரும் அவரே. 1808 டிசம்பர் 28 இரவு கொச்சியில் அவர் மாளிகையைத் தளவாயின் ஆட்கள் சூழ்ந்தபோது தப்பிவிட்டார். கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸ் சிறிய படையோடு தாக்குப்பிடித்தார். கிழக்கே நெல்லைச் சீமையிலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் வந்து, பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழிக் கணவாயின் மதிலை ஏறிப் பிடித்தார். உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய எதிர்ப்பில்லாமல் விழுந்தன. பட்டாளம் திருவனந்தபுரத்துக்கு வெளியே பாப்பனங்கோட்டில் முகாமிட்டது. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். அவர் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். செத்த உடலுக்குச் செய்த அந்த அவமரியாதையைக் கவர்னர் ஜெனரல் மின்டோவே கண்டித்தார்.

இங்கேதான் இரண்டு கதையும் ஒன்றாகின்றன. ஆரல்வாய்மொழியை வென்ற செயின்ட் லெஜரை, மூன்று மாதம் ஆவதற்குள், 1809 மே 1-ல் பார்லோ சஸ்பெண்ட் செய்தார். மக்டோவாலுக்கும் போல்ஸுக்கும் ஆதரவாக அதிகாரிகள் கையெழுத்து வேட்டை நடத்தியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது காரணம். கொல்லத்தைக் காத்த சால்மர்ஸின் தலைமையும் பறிபோனது. திருவிதாங்கூரை அடக்கிய கைகளே சென்னைக்கு எதிராக ஓங்கின. போர்க்களத்தில் வென்றவர்கள் வெளியே, கூடாரக் கணக்கு எழுதியவர் உள்ளே என்று ஆனது.

அந்த மே உத்தரவுக்குப் பிறகு நெருப்புப் பற்றிக்கொண்டது. மசூலிப்பட்டணத்தில் ஜூன் 25-ல் ஐரோப்பிய ரெஜிமெண்டின் அதிகாரிகள் தங்கள் கமாண்டர் இன்னஸையே காவலில் வைத்தார்கள். ஹைதராபாத் படையும் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையும் சென்னைக்குக் கீழ்ப்படிய மறுத்தன. எல்லா வெள்ளைக்கார அதிகாரிகளும் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திடவேண்டும் என்றார் பார்லோ. பெரும்பாலோர் மறுத்தார்கள். அப்போது அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. அதிகாரிகளைத் தாண்டி சிப்பாய்களிடமும் சுபேதார்களிடமும் நேரடியாகப் பேசச் செய்தார்: உங்களுக்குச் சம்பளம் தருவது கம்பெனி, உங்கள் அதிகாரி அல்ல. சிப்பாய்கள் பல இடங்களில் சர்க்கார் பக்கம் நின்றார்கள். நிற்காத இடத்தில் விலை கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆகஸ்டில் சித்ரதுர்க்கத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, அதிகாரிகளின் உத்தரவை நம்பி நடந்துவந்த இரண்டு பட்டாலியன் சிப்பாய்களை வழியிலே அரசர் பட்டாளத்தின் 25-வது டிரகூன் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது. எதற்காக வந்தோம் என்றே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் முடிவதற்குள் அதிகாரிகள் பணிந்தார்கள். மின்டோ செப்டம்பரில் சென்னைக்கு வந்து, 21 பேரை மட்டும் தண்டனைக்கென்று பிரித்தெடுத்தார். யாரும் சுடப்படவில்லை, யாரும் பீரங்கி வாயில் கட்டப்படவில்லை. சிலர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலரை டைரக்டர்கள் பிற்பாடு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் முன்பு, 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் தலைப்பாகைக்காகவும் சாதிக்குறிக்காகவும் எழுந்த சிப்பாய்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு அன்றைய பட்டாள நீதி எந்தத் தோலில் எந்த எடைக்கல் போட்டது என்று விளங்கும்.

மெக்காலே ஊர் திரும்பினார். பார்லோவுக்குத் திருவிதாங்கூரில் நம்பக்கூடிய ஆள் வேண்டும். மன்றோவுக்கோ சென்னைப் பட்டாள முகாமில் முகம் காட்டக்கூட முடியாத நிலை. 1810-ல் அவர் ரெசிடெண்டாக வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் மகாராஜா பாலராம வர்மா இறந்தார். அரியணை உரிமைக்கு இருவர்: பத்தொன்பது வயது கௌரி லட்சுமி பாய், அரச குடும்பத்தின் கேரள வர்மா. மன்றோ ராணியை ஆதரித்தார். கேரள வர்மா நாடு கடத்தப்பட்டார். 1811-ல் திவான் உம்மிணித்தம்பி நீக்கப்பட்டபோது, தன் நாட்டில் அந்தப் பதவிக்குத் தகுந்தவர் இல்லை, ரெசிடெண்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று ராணி கேட்டுக்கொண்டார் என்கின்றன கம்பெனி ஆவணங்கள். அரியணையே ரெசிடெண்டின் தயவில் இருந்த இளம்பெண் வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஆவணங்களைப் படிக்கவேண்டும்.

திவான் மன்றோ செய்தவற்றைப் பட்டியல் போட்டால் சீர்திருத்தச் செம்மலின் கல்வெட்டு மாதிரி இருக்கும். குவார்ட்டர்மாஸ்டரின் கண்ணோடு பார்த்தால் அதில் ஒரே நூல் ஓடுவது தெரியும். திருவிதாங்கூரில் அப்போது மண்டபத்தும்வாதுக்கல் என்ற வட்டாரத்துக்கு ஒரு காரியக்காரர். வரி வசூல், போலீஸ், நியாயம் எல்லாம் அவர் ஒருவரிடமே. வரி கட்டாதவனைப் பிடிப்பவரும் அவர், அடிப்பவரும் அவர், அடித்தது சரியா என்று விசாரிப்பவரும் அவர். மன்றோ இந்த முடிச்சை அவிழ்த்தார். காரியக்காரர் தாசில்தார் ஆனார். அவருக்கு வரி மட்டும். நியாயத்துக்கு 1811-ல் பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா என்று ஐந்து இடத்தில் ஜில்லா கோர்ட்டுகள், மேலே ஓர் அப்பீல் கோர்ட். கோர்ட்டுக்கு இரண்டு நீதிபதிகளும் தர்மசாஸ்திரம் சொல்ல ஒரு சாஸ்திரியும். நீதிபதிகளில் சிரியன் கிறிஸ்தவர்களும் உண்டு. அது அன்றைக்குப் பெரிய செய்தி. அதிகாரிகள் எப்படி நடக்கவேண்டும் என்பதற்குச் சட்டவரியோலைகள் என்ற விதிகள் வந்தன. கடமையும் லாபமும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று கூடாரத்துக்குச் சொன்ன அதே பாடம்.

கோயில்களுக்கும் அதே கண். கோயில் பொறுப்பாளர்களான ஊராளர்கள் கையில் கணக்கில்லாமல் கிடந்த தேவஸ்வங்களை, முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெரியவை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறியவை, நிலத்தோடு அரசின் நிர்வாகத்தில் கொண்டுவந்தார். பூஜைக்கு அரசு செலவு செய்யும். மீதி வருமானம் கஜானாவுக்கு. இன்றைய திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் வேர் இங்கேதான். மிஷனரிகளை அழைத்துவந்த ஓர் உறுதியான கிறிஸ்தவர் இந்துக் கோயில்களின் நிர்வாகத்தைக் கட்டியமைத்தார் என்பது வரலாற்றின் குறும்பு. கஜானாவுக்கு வந்த தேவஸ்வ வருமானம் எவ்வளவு, கோயிலுக்குத் திரும்பியது எவ்வளவு என்ற வழக்கு இருநூறு வருஷமாக ஓய்ந்தபாடில்லை.

1812-ல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடுத்து ராணியின் பெயரில் விளம்பரம் வந்தது. பாராட்டவேண்டியதுதான். ஆனால் வயலோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. பெரும்பாலோர் வயலோடு சேர்ந்தவர்கள். முழு விடுதலைக்கு 1855 வரை பொறுக்கவேண்டி இருந்தது. அம்மைக் குத்தல் வந்தது. அரண்மனையே முன்மாதிரியாகக் குத்திக்கொண்டது. மன்றோ ரெசிடெண்டாக இருந்த கடைசி நாட்களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியார் சர்க்கார் நீதிபதியாகவே உட்கார்ந்தார். பாதிரியாரே நீதிபதி என்றால் மதம் மாறியவனுக்கும் மாறாதவனுக்கும் இடையிலான வழக்கு என்ன ஆகும்? வரியையும் நியாயத்தையும் பிரித்தவருக்கு இது உறைக்கவில்லை.

உறைக்காத இன்னொன்று இதைவிடப் பெரியது. கமாண்டிங் ஆபீசரிடம் பணமும் கடமையும் சேர்ந்திருப்பது தவறு என்று எழுதி, அதற்காகக் கைதாகி, ஒரு கலகத்துக்கே காரணமானவர் மன்றோ. திருவிதாங்கூரில் அவர் ஒரே சமயத்தில் ரெசிடெண்ட், திவான் இரண்டுமாக இருந்தார். 1812 முதல் கொச்சிக்கும் அவரே திவான். எட்டு லட்சத்தையும் நிலுவையையும் வசூலிக்கவேண்டிய கம்பெனியின் ஆள் அவர். அதைக் கட்டுப்படியாகிற அளவுக்குக் குறைக்கச் சொல்லி வாதாட வேண்டிய ராணியின் மந்திரியும் அவர். வசூலிப்பவரும் செலுத்துபவரும் ஒருவரே என்றால், பேரம் எங்கே நடக்கும்? கடன் அடைந்தது, கஜானா நிமிர்ந்தது என்று அவரைப் புகழ்ந்தவர்கள் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டார்கள். நேர்மையான மனிதர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏற்பாடு மனிதனை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கச் சொன்னவரே அவர்தானே. 1814-ல் திவான் பதவியைத் தேவன் பத்மநாபனிடம் ஒப்படைத்தார், ரெசிடெண்டாகத் தொடர்ந்தார். சுதேசத் திவானின் தலைக்கு மேலே ரெசிடெண்டின் கண் நிரந்தரமாக அமர்ந்துவிட்டது.

திருவிதாங்கூரின் சொந்தப் பட்டாளம் என்ன ஆயிற்று? 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்து, பிடிபட்ட டிலனாயைக் கொண்டே மார்த்தாண்ட வர்மா ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்த படை அது. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இன்றும் இருக்கிறது. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1809-க்குப் பிறகு நாயர் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. அரண்மனைக்கும் கோயிலுக்கும் காவலாக ஏறக்குறைய எழுநூறு பேர் மட்டும் மிஞ்சினார்கள். நாட்டின் பாதுகாப்பு கொல்லத்தில் முகாமிட்ட கம்பெனிப் படையின் பொறுப்பு ஆனது. ராஜாவும் பத்மநாபசாமியும் திருவனந்தபுரத்தில். படையும் ரெசிடெண்டும் கொல்லத்தில். மன்றோ அஷ்டமுடிக் காயலோரம் கட்டிய ரெசிடென்சி மாளிகை இன்று கொல்லத்தில் அரசு விருந்தினர் இல்லம். ஹுசூர் கச்சேரி என்ற அரசின் தலைமை அலுவலகத்தைக் கொல்லத்திலிருந்து தலைநகருக்குக் கொண்டுவந்தது மகாராஜா சுவாதித் திருநாளின் காலம்.

1817-ல், அப்போது ஆட்சியில் இருந்த ராணி பார்வதி பாய் தன் படையைப் பெரிதாக்கக் கேட்டபோது மன்றோ அதை ஆதரித்து, சென்னையின் அனுமதியை வாங்கிக் கொடுத்தார். மதராஸ் பட்டாளத்திலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து டிரில் கற்பித்தார்கள். 1830-ல் அதற்கு நாயர் பிரிகேட் என்று பெயர். சண்டை போட வேலையில்லாத பட்டாளம் அது. கஜானாக் காவல், சிறைக் காவல், அரண்மனைக் காவல், விழாக்காலத்தில் சங்குமுகத்துக்குப் போகும் ஆராட்டு ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் அணிவகுப்பு. பட்டாளத்தைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்து, சண்டைக்கு வேறொருவரை வாடகைக்கு வைத்திருந்த விசித்திர ஏற்பாடு அந்தக் காலத்துச் சமஸ்தானங்கள் பலவற்றில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இந்தப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்து, 1954-ல் மதராஸ் ரெஜிமெண்டின் 9-வது, 16-வது பட்டாலியன்கள் ஆனது. குளச்சல் வெற்றியை 9-வது பட்டாலியன் இன்றும் கொண்டாடுகிறது. திருவனந்தபுரத்தில் ராணுவத்துக்கு இப்போது இருப்பிடம் பாங்கோடு.

மன்றோ 1819-ல் ஊர் திரும்பினார். பதவி உயர்வு, அந்தக் கம்பெனிப் பட்டாள வழக்கப்படி, வீட்டில் இருந்தாலும் வரிசைப்படி வந்துகொண்டே இருந்தது, முடிவில் ஜெனரல். அண்ணன் ஹ்யூ மன்றோ 1817-ல் ட்டீனினிச்சில் விஸ்கி வடிசாலை தொடங்கியிருந்தார். பண்ணையோடு அது தம்பியிடம் வந்தது. அங்கே இன்றும் விஸ்கி வடிகிறது. 1858-ல், தன் எண்பதாவது பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பு, மன்றோ இறந்தார். கம்பெனி ஆட்சியை இங்கிலாந்து பாராளுமன்றம் முடித்துவைத்ததும் அதே ஆண்டு. கேரளத்தில் அவர் பெயர் கல்லடையாற்றின் முகத்துவாரத்தில் மன்றோத்துருத்து என்ற தீவில் நிற்கிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் சிலையாக நிற்பவர் வேலுத்தம்பி.

இவ்வளவையும் இரண்டு துண்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சங்குண்ணி மேனனும் நாகமையாவும் எழுதிய திருவிதாங்கூர் வரலாறுகளில் மன்றோ திவானாக வந்து இறங்குகிறார். மதராஸ் பட்டாள வரலாறுகளில் அவர் கைதாகி, விடுதலையாகி, காணாமற்போகிறார். கூடாரக் குத்தகைக் கடிதங்களின் காலத்து மதராஸ் அரசு ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூரின் ஓலைகளும் காகிதங்களும் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் நாஞ்சில் நாட்டில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் ஒருவர் இரண்டு ஊர்க் கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். எழும்பூரில் மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் திருவனந்தபுரம்.